வெள்ளைத்துரையின் வலது கை

என் புருஷன் வெள்ளைத்துரை யாரையாவது அடிப்பதற்கு முன்னால் மாத்திரை வைத்துக்கொள்வார். விழுங்குகிற மாத்திரை இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் அடுப்பை அணைத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஓட முடியாது. நாற்காலி வாசற்கதவை ஒட்டித்தான் கிடக்கும்.

அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். இருபத்து மூன்று வருஷப் பழக்கம், வாய் அப்படித்தான் வருகிறது. மனசுக்குள் நான் அவரைக் கூப்பிடுகிற பெயர்களை எழுதினால் இந்தக் காகிதம் நாறிவிடும்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். கடைக்கு மேலேயே வீடு. கடையில் பாத்திரம் அடுக்குகிற தணிகாசலம் ஒருநாள் ஒரு குடத்தைக் கீழே போட்டு நசுக்கிவிட்டான். அதே குடத்தை எடுத்து அவன் வாயில் அடித்தார் இவர். முன்பல் இரண்டும் உதிர்ந்து கல்லாப்பெட்டிக்குக் கீழே போய்விட்டன. சாயங்காலம் அவனுக்கு ஐஸ் போட்டு பாதாம்பால் வாங்கிக் கொடுத்தார். தெரு முழுக்க அந்தப் பாதாம்பாலைத்தான் பேசினார்கள், முதலாளி தங்கமான மனுஷன் என்று. பல்லைப் பற்றி ஒருத்தன் வாய் திறக்கவில்லை.

நெஞ்சு வலி அவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் வந்தது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று என் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்குப் பின்னால் இழுத்தவர் அப்படியே கையை விட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. என் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, நான்தான் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அதற்கப்புறம் எப்போது கை ஓங்கினாலும் மூன்றாவது நாலாவது அடியில் வலி வந்துவிடும். உட்கார்ந்துவிடுவார். எனக்கும் என் மகள் ஜெயபாரதிக்கும் வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சுவிட இடம் கிடைத்தது. மயிலாப்பூர் போய் கற்பகாம்பாளிடம் அர்ச்சனை செய்தேன். குருக்கள் அவர் பெயர், நட்சத்திரம் கேட்டு, வியாதி குணமாக வேண்டும் என்று சொல்லி மந்திரம் சொன்னார். நான் வேண்டிக்கொண்டது வேறு. அந்த வலி போகக் கூடாது தாயே என்றுதான் கேட்டேன். பாவமோ புண்ணியமோ, மறைக்கமாட்டேன்.

அம்பாள் இரண்டு வருஷம் காப்பாற்றினாள். பிறகு கடைக்கு எதிர் வரிசையில் இருக்கிற டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்தார். மாடி ஏறுவதற்கு முன்னால் ஒன்று, பாரம் தூக்குவதற்கு முன்னால் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வலி வந்த பிறகு வைப்பதைவிட வருவதற்கு முன்னால் வைத்தால் நெஞ்சு தாங்கும் என்றார். அந்த டாக்டர் என்னத்தைக் கண்டார், பாவம். என் புருஷன் எதற்கு முன்னால் வைப்பார் என்று அவருக்குத் தெரியுமா. மாத்திரை வைத்தால் பத்துப் பன்னிரண்டு அடி வரைக்கும் தாங்கியது.

எழுபத்தொன்பது சித்திரையில் ஜெயபாரதிக்குக் கல்யாணம் முடிவு செய்தார். அவளுக்கு இருபது வயது. தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை அவருடைய அக்காள் மகன் தனபாலன், முப்பத்தேழு வயது, எங்கள் கடையிலேயே வேலை. அவனுடைய முதல் பெண்டாட்டி ஸ்டவ் வெடித்துச் செத்தாள். பால் காய்ச்சும்போது ஸ்டவ் வெடித்ததென்று சாட்சி சொன்ன நாலு பேரும் அவன் வீட்டு ஆட்கள். அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டும்போது நான் இருந்தேன். முதுகு வெந்திருந்தது, முகம் வேகவில்லை. ஸ்டவ்வுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவள் பால் காய்ச்சுவாள்?

ஜெயபாரதி அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "அந்த வீட்டு அடுப்படிக்கு நான் போவ மாட்டேம்ப்பா" என்றாள்.

அவர் குப்பியை எடுத்தார். இரண்டு நிமிஷம். பந்தியில் சாம்பார் ஊற்றுகிற நீளக் கரண்டி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதல் அடி தோளில். இரண்டாவதை அவள் கையால் தடுத்தாள், இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் நடுவில் போய் விழுந்தேன். கரண்டிக் காம்பு என் காதில் பட்டு உள்ளே ஙொய்யென்று ஒரு இரைச்சல் கிளம்பியது, அது இன்றும் நிற்கவில்லை. அவள் கீழே சுருண்டுவிட்டாள். முதுகில், இடுப்பில், தொடையில். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே அடித்தார். பதினொன்றாவது அடிக்கு நெஞ்சைப் பிடித்தார். இன்னொரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி வந்தார். இரண்டு அடி. அதற்குமேல் முடியவில்லை. கரண்டி கையிலிருந்து விழ, வாந்தி எடுத்துக்கொண்டே சாய்ந்தார். அன்றைக்கு என் மகளைக் காப்பாற்றியது நானில்லை, கடவுளில்லை. அவர் நெஞ்சுக்குள் இருந்த அடைப்பு.

அடையாற்றில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். அங்கே டாக்டர் கல்யாணராமன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. சிவந்த சின்ன உருவம், எப்போதும் சிரித்த முகம். தொடை வழியாகக் குழாய் விட்டு இருதயத்தைப் படம் எடுத்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் இருதயத்தை வரைந்து காட்டினார்.

"மூணு ரத்தக்குழாய்ல ஒண்ணு சுத்தமா அடைச்சுண்டிருக்கு. இன்னிக்கு நேத்திக்கு வந்த அடைப்பு இல்லே, வருஷக்கணக்கா இருக்கு. ஸ்விட்சர்லாந்துல ரெண்டு வருஷமா நெஞ்சைக் கிழிக்காமயே குழாய் விட்டு அடைப்பைத் திறக்கறா. இவ்ளோ பழசான அடைப்பை யாரும் தொடமாட்டா. ஆனா இவருக்கு நடுவுல மயிரிழை மாதிரி ஒரு வழி தெரியறது. வலது கை வழியா போய் மெல்லிசா ஒரு கம்பியை நுழைச்சுப் பாக்கறேன். நுழைஞ்சா அதுமேலயே குழாயைத் தள்ளி வழி பண்ணிடலாம். ஆபத்து உண்டு, மறைக்கலே. அதனால சம்சாரமும் கையெழுத்துப் போடணும்."

காகிதம் என் முன்னால் வந்தது. என் இடது தொடையில் மேசைக்கு அடியில் என் புருஷனின் விரல்கள் பதிந்தன. நகம் சேலைக்குள் இறங்கியது.

நான் டாக்டரைப் பார்த்துக் கேட்டேன்: "இதத் தொறந்துட்டா, அவரு கைய ஓங்குனா நெஞ்சு வலிக்காதா டாக்டர்?"

"கையை ஓங்கலாம், பாரம் தூக்கலாம், மாடி ஏறலாம். வலியே வராதும்மா."

"எத்தன வாட்டி ஓங்குனாலும்?"

"எத்தனை வாட்டி வேணா. மாத்திரையே தேவைப்படாது. பழையபடி ஆயிடுவார்."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அந்த நல்ல மனுஷன் எழுந்து வந்து, "அழாதீங்கோ, எல்லாம் நன்னா நடக்கும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். தொடையில் நகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பேச்சியம்மாள் என்று கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதனால்தான் அவருக்கும் அவசரம். வீட்டில் ஜெயபாரதி மாவுக்கட்டோடு கிடந்தாள். மாடிப்படியின் கீழே தனபாலன் கட்டிலைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தான், அவன் அம்மா மாடியிலேயே இருந்தாள். பால்காரனைக்கூட மேலே விடவில்லை.

குழாய் விடுகிற அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வார்டு ஆயா ஹாஜிரா பீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கையில் எப்போதும் ஒரு துடைப்பத்துணி. என் காதையே பார்த்தார்.

"இன்னாமா காதுல, ரத்தம் கட்டிக்கினு கீது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எங்க ஊட்டுலயும் அப்டி ஒரு கதவு இருந்துச்சு. செத்துப் பூட்ச்சு." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஐந்து மணி நேரமும் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், சாக வேண்டும் என்று நினைத்தேன். அவர் சாக வேண்டும். அந்தக் கம்பி நுழையாமல் மடங்க வேண்டும், நுழைந்தால் குத்த வேண்டும். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

ஒரு மணிக்கு டாக்டர் கல்யாணராமன் வெளியே வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"கம்பி போயிடுத்தும்மா. ரத்தம் ஓடறது. என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லி, பெரியவர்களைக் கும்பிடுவதுபோல் என்னைக் கும்பிட்டார். ஊரிலேயே யாரும் செய்யாததைச் செய்த சந்தோஷம் அவருக்கு. நான் பிடித்திருந்த தாலியை விட்டேன்.

அவரை அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். வலது கை முழங்கை மடிப்பில் கட்டு. கை அசையாமலிருக்க ஒரு பலகையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். டாக்டருக்கு மத்தியானம் வேறு ஆஸ்பத்திரியில் வேலை, ஆறரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே சிஸ்டர், கேரளத்துப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தரம்தான் அவளால் வர முடியும். நடுவில் பார்த்துக்கொள்வது வீட்டு ஆட்கள் வேலை. எந்த ஆஸ்பத்திரியிலும் அதுதானே வழக்கம்.

எப்படிப் பார்ப்பது என்று ஹாஜிரா பீதான் காட்டிக் கொடுத்தார். என் விரலைப் பிடித்து என் புருஷனின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வைத்தார். "இங்க அடிச்சுக்கினு கீது பாரு, தெர்தா? இத்த உடாம பாத்துக்கினே இரு. கொயாய் உட்ட எடத்துல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும் சில பேருக்கு. துடிப்பு நின்னு, கை சில்லுனு வெள்ளையா பூட்ச்சுன்னா ஒடனே ஓடியாந்து சொல்லு. டாக்டரு அரை மணில வந்து எடுத்துடுவாரு. லேட்டாச்சுன்னா கை அவ்ளோதான்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்து மூன்று வருஷத்தில் நானாகப் போய் அந்தக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு மணிக்குத் துடிப்பு நன்றாக இருந்தது. சிஸ்டர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனாள். இரண்டரைக்கு விரலுக்கடியில் அது மெலிந்ததுபோல் இருந்தது. என் விரல்தான் மரத்துவிட்டதோ என்று மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. நகங்கள் வெளுத்தன. சுண்டுவிரலைத் தொட்டால் குளிர்ந்திருந்தது, நடுவிரலும்.

பதறி எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கூப்பிடத்தான் எழுந்தேன். ஒரு மனுஷனின் கை கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அதுதானே வரும். கதவுவரை போய்விட்டேன், தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன்.

"ஏட்டி" என்றார் பின்னாலிருந்து.

திரும்பினேன். ஊசி போட்ட மயக்கத்தில் கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் சிரிப்பு.

"நெஞ்சு லேசா கெடக்குட்டி. மூணு வருசமா இப்படி இருந்ததில்ல. தனபாலங்கிட்ட சொல்லி அனுப்பு. நாளான்னைக்கு வந்துருவேன். வந்து அவளுக்கு மிச்சம் வச்சிருக்கத மொதல்ல முடிக்கேன். தாலி கட்டுத வரைக்கும் உசுரு இருந்தாப் போதும் அவளுக்கு. பொறவு தனபாலன் பாத்துக்கிடுவான்."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். எனக்குள் பயம், இரக்கம், பதற்றம் என்று எதெல்லாம் இருந்ததோ அதெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. கோபம் மட்டும் இருந்தது. இருபத்து மூன்று வருஷக் கோபம், சுத்தமாக, கலப்படமே இல்லாமல். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கை மரத்துப்போச்சுட்டி. ஊசி குத்துத மாதிரி கெடக்கு" என்றார்.

"மருந்து எறங்குதுன்னு சொன்னாங்க. ஒறங்குங்க."

கம்பளியை இழுத்து அந்தக் கையை விரல்நுனி வரைக்கும் மூடினேன். அவர் தூங்கிப் போனார். நான் கம்பளிக்குள் கைவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சில்லென்ற பாகம் விரல்களிலிருந்து உள்ளங்கைக்கும், உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் ஏறியது. தணிகாசலத்தின் பல்லை உடைத்த கை. ஜெயபாரதியின் எலும்பை முறித்த கை. விறைக்க விறைக்க நான் இறுக்கிப் பிடித்தேன்.

மூன்று மணிக்கு சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே யாரோ மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"கை எப்படி உண்டு அம்மா? சூடு உண்டோ?"

"சூடா இருக்கு சிஸ்டர். இப்பத்தான் கண்ணசந்தாரு, எழுப்பாதீங்க."

நாலு மணிக்கும் கேட்டாள். ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் கேட்டாள். நாலு தடவையும் நான் சொன்னதை எழுதிக்கொண்டு போனாள்.

ஆறரைக்கு டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து கம்பளியை விலக்கினார். முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கை முழங்கைவரை நீலமும் வெள்ளையுமாகக் கிடந்தது. ஓடினார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள், மறுபடி கட்டைப் பிரித்து உறைந்த ரத்தத்தை உருவி எடுத்தார்கள். கை தப்பியது, வெட்டவில்லை. விரல்கள் மட்டும் உள்ளுக்கு மடங்கி அப்படியே நின்றுவிட்டன. ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட எடுக்க முடியாது.

டாக்டர் கல்யாணராமன் அந்தச் சிஸ்டரை அவள் எழுதிவைத்த காகிதத்தாலேயே முகத்தில் அடித்தார். சிரித்த முகம் எங்கே போயிற்றோ. "சூடா இருக்குன்னு எழுதியிருக்கியே, தொட்டுப் பாத்தியா நீ?" என்று அந்த மாடியே அதிரக் கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கைக்காக நான் ஒருநாளும் வருத்தப்படவில்லை. அவளுக்காகப் படுகிறேன். எந்த ஊரில் இருக்கிறாளோ.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற தகப்பனுக்கு வலது கை வேண்டும். மடங்கிப்போன கையால் கொடுத்தால் குலத்துக்கு ஆகாது என்று தனபாலனின் அம்மாவே சொல்லி, கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். முதலாளி வீட்டுக்கு வந்தும் எழுந்து நடமாடாததால் கடையைத் திறந்து வைக்க ஆள் இல்லை. தனபாலன் கட்டிலை மடக்கிவிட்டு விடிந்ததும் கல்லாவுக்குப் போனான். பதினேழு நாள் மாடிப்படி காலியாக இருந்தது.

பதினேழாவது நாள், அவர் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கும்போது, ஜெயபாரதியின் ஆபீஸ் சிநேகிதி ஜமீலுன்னிசா பின்சந்தில் டாக்சியோடு வந்து நின்றாள். என் மகள் மாவுக்கட்டுக் கையோடு படியிறங்கினாள். கடைசிப் படியில் நின்று, "நீயும் வாம்மா" என்றாள். "போ, பின்னாடியே வாரேன்" என்று பொய் சொல்லித் தள்ளிவிட்டேன். நானும் போய்விட்டால் அரை மணி நேரத்தில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான் வீட்டில் இருந்தால், அவள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று ராத்திரிவரை சொல்லிச் சமாளிக்கலாம். சமாளித்தேன்.

மறுநாள் காலை அவர் காலி அறையைப் பார்த்தார். வெளியே வந்தார். குப்பியைத் தேடவில்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை. இடது கையால் அந்த நீளக் கரண்டியை எடுத்தார். பழக்கமில்லாத கை, முதல் அடி சுவரில் பட்டது. இரண்டாவது என் தோளில் விழுந்தது. அப்புறம் குறி தப்பவில்லை. பத்துக்குமேல் நான் எண்ணவில்லை. அவர் நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. டாக்டர் கெட்டிக்காரர், செய்த வேலை சுத்தம்.

"எங்கட்டி அவ?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அன்றைக்குக் கேட்டார், மறுநாள் கேட்டார், இன்று காலையிலும் கேட்டார். என் மகள் எங்கே இருக்கிறாள் என்று இந்தக் காகிதத்தில்கூட எழுதமாட்டேன்.